பழைய காரில் புது டிஜிட்டல் பிளேயர் மாட்டுவது: கடலோர ஊர்க்காரர்கள் வழி சொல்லுங்கள்

மண்டபம் வண்டி:

அனைவருக்கும் வணக்கம். அப்பாவுடைய கார் 2009 மாடல், சின்ன வண்டி. வண்டியோடு வந்த சிடி பிளேயர் போன மழைக்காலத்தோடு நின்றுபோனது. தட்டை உள்ளே இழுக்கும், கொஞ்சம் சுற்றும், படிக்க முடியாமல் வெளியே தள்ளிவிடும். லென்ஸில் உப்பு ஈரம் இறங்கிவிட்டது, இதற்கு மேல் செலவு செய்ய வேண்டாம் என்று பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

துபாயிலிருந்து வந்த மாமா ஒரு புது பிளேயர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். சிடி போடும் வாயே கிடையாது. யூஎஸ்பி, ஆக்ஸ் (போனை வயரால் இணைக்கும் துளை), புளூடூத், எஃப்எம் அவ்வளவுதான். ஒற்றை டின் (DIN, கார் பிளேயர்களின் வழக்கமான அளவு) அளவு, டேஷ்போர்டில் இருக்கும் பொந்துக்குச் சரியாகப் பொருந்துகிறது.

பிரச்சினை பின்பக்கம். புது பிளேயரின் கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் பிளக்) வேறு, வண்டியில் இருக்கும் கப்ளர் வேறு. வயர் நிறங்களும் ஒத்துப்போகவில்லை. பழைய பிளேயரை வெளியே இழுத்துப் பார்த்தேன், இரண்டு மூன்று பின்களில் களிம்பு ஏறிப் பச்சையாக இருக்கிறது. ஒரு கடையில் கேட்டால், "கப்ளரை வெட்டிவிட்டு வயரை முறுக்கி டேப் சுற்றிவிடலாம், அரை மணி நேர வேலை" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் கடல். முறுக்கிய செம்பு இந்தக் காற்றில் எத்தனை மாதம் தாங்கும்? மல்டிமீட்டர் கையில் இருக்கிறது, வேலையும் ஓரளவு தெரியும். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

ராம்நாட் எலக்ட்ரீசியன்:

தம்பி, அந்தக் கப்ளரை யாரையும் வெட்ட விடாதீர்கள். வெட்டிய பிறகு எது எந்த வயர் என்று கண்டுபிடிக்கிற வேலை அடுத்து வருகிறவன் தலையில் விழும். உங்கள் வண்டி மாடலைச் சொல்லிக் கேட்டால் கன்வெர்ட்டர் கப்ளர் கிடைக்கும். ஒரு முனை வண்டியில் மாட்டும், மறுமுனையில் தனித்தனி வயர் தொங்கும். அந்த வயர்களைப் பிளேயரோடு வந்த வயர்களோடு வெளியே மேஜையில் வைத்தே இணைத்துவிடலாம். டேஷ்போர்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டு முறுக்குகிற வேலையே இல்லை.

வெளியில் வாங்கும் பிளேயர்களில் நிறம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மஞ்சள், பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் 12 வோல்ட். சிவப்பு, சாவியை முதல் நிலைக்குத் திருப்பினால் மட்டும் வரும் 12 வோல்ட். கறுப்பு எர்த். நீலம் ஆன்டெனாவுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு இருந்தால் ஆம்ப்ளிஃபயருக்கு. முன் இடது ஸ்பீக்கர் வெள்ளை, முன் வலது சாம்பல், பின் இடது பச்சை, பின் வலது ஊதா. கறுப்புக் கோடு போட்டது அந்தந்த ஸ்பீக்கரின் மைனஸ்.

ஆனால் வண்டிப் பக்க வயரின் நிறத்தை நம்பவே நம்பாதீர்கள். மீட்டரை நம்புங்கள். சாவியை எடுத்துவிட்டு எந்தப் பின்னில் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதோ அது மஞ்சளுக்கு. சாவி திருப்பினால் வந்து, எடுத்தால் போகிறது சிவப்புக்கு. பார்க் லைட் போட்டால் மட்டும் வருவது டேஷ்போர்டு வெளிச்சத்துக்கானது, அதைச் சிவப்பில் கொடுத்துவிட்டால் இரவில் மட்டும் பாடுகிற பிளேயராகிவிடும். சில கம்பெனி வண்டிகளில் கப்ளர் நேராகப் பொருந்தும், ஆனால் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறி இருக்கும். அப்படி மாட்டினால் சாவி எடுத்த ஒவ்வொரு தடவையும் நேரம், பாட்டு நின்ற இடம், எஃப்எம் நிலையம் எல்லாம் அழிந்துபோகும். பிளேயர் பழுது என்று கொண்டுவருவார்கள். இரண்டு வயரை மாற்றிக் குத்தினால் சரியாகிவிடும்.

மீட்டர் வைத்துப் பார்த்து முடித்ததும், இணைக்கும் வேலை தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். பத்தாம் நம்பர் ஸ்பானர் போதும்.

இன்னொன்று. ஸ்பீக்கரின் மைனஸ் வயரை பாடியில் எர்த் செய்யக் கூடாது. பழைய காலத்து வண்டிகளில் அப்படிச் செய்திருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு இப்போதும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இன்றைய பிளேயர்களில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலும் மின்னழுத்தம் இருக்கும். ஒன்றை பாடியில் தொட்டால் உள்ளே இருக்கும் ஐசி போய்விடும். சில பிளேயர் தப்பித்து அணைந்துகொள்ளும், எல்லாவற்றுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

பாம்பன் படகு:

எலக்ட்ரீசியன் அண்ணே சொன்னது எல்லாம் சரி. இணைப்பைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். விசைப்படகுகளில் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் எல்லாவற்றுக்கும் வயரிங் செய்கிறவன் நான். உப்போடு தினமும் மல்லுக்கட்டுகிற வேலை.

உப்பு வெறுமனே படிந்து கிடந்தால் பெரிய கேடு இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். நம் ஊரில் இரவு நேரத்தில் அந்த அளவு ஈரம் சாதாரணம். மழையே பெய்ய வேண்டாம், காரின் கண்ணாடி ஏற்றியே இருந்தாலும் டேஷ்போர்டுக்குப் பின்னால் வயர் இணைப்பின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் உட்கார்ந்துவிடும். அதில் மின்சாரமும் ஓடினால் செம்பு கரையத் தொடங்கும். தம்பி, நீங்கள் பார்த்த பச்சைப் பின்களை மறுபடி பாருங்கள். சாவி எடுத்த பிறகும் மின்சாரம் இருக்கிற அந்த மஞ்சள் இணைப்பில்தான் களிம்பு அதிகமாக இருக்கும். ராத்திரி பகல் என்று பார்க்காமல் 24 மணி நேரமும் 12 வோல்ட் நிற்பது அதில்தான். வாடை (வடகிழக்குக் காற்று) காலத்தில் பாக் நீரிணைப் பக்கத்து உப்பு, கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கத்து உப்பு. மண்டபத்தில் வண்டி நிறுத்துகிறவருக்கு வருஷம் முழுக்க இதுதான்.

முறுக்கி டேப் சுற்றுவது இங்கே ஆகவே ஆகாது. வெயிலில் டேப்பின் பசை உருகி வழியும், டேப் தளரும், உள்ளே ஈரம் போகும், போன ஈரம் வெளியே வராது. டேப் இல்லாமல் விட்டதைவிட அது மோசம்.

நான் செய்கிற முறை: வெள்ளீயம் பூசிய செம்பு வயர், அளவுக்கேற்ற செம்பு ஸ்லீவ், சரியான க்ரிம்பிங் கருவியால் ஓர் அழுத்து. அதன் மேல் உட்பக்கம் பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க், அதாவது சூட்டில் சுருங்கும் குழாய். சூடு காட்டும்போது இரண்டு ஓரத்திலும் பசை பிதுங்கி வளையமாக வெளியே தெரிய வேண்டும். அந்த வளையம் தெரிந்தால்தான் ஈரத்துக்கு வழி அடைந்தது என்று அர்த்தம். பிதுங்கவில்லை என்றால் வெட்டிப் போட்டுவிட்டு வேறொன்று போடுங்கள், சலிக்க வேண்டாம். சாதா ஷ்ரிங்க் குழாயில் பசை இருக்காது, விலை குறைவு என்று அதை வாங்கிவிடாதீர்கள்.

ஈயம் வைத்துப் பற்றவைப்பது எனக்குப் பிடிக்காது. ஈயம் வயருக்குள் ஏறி அந்த இடத்தைக் கம்பி மாதிரி விறைப்பாக்கிவிடும். அதிர்வில் விறைப்பு முடிகிற ஓரத்தில் வயர் ஒடியும்.

ராம்நாட் எலக்ட்ரீசியன்:

படகுக்காரத் தம்பி சொல்வதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் ஈயம் வைத்துத்தான் வேலை செய்கிறேன். படகு இன்ஜின் பக்கத்தில் இருக்கும் அதிர்வு வேறு, கார் டேஷ்போர்டுக்குள் இருக்கும் அதிர்வு வேறு. ஈயம் வைத்த இடத்துக்கு இரண்டு பக்கமும் வயரை டை போட்டுக் கட்டிவிட்டால் ஒடிவதற்கு இடமே இல்லை. நம் ஊரில் ஈயம் வைத்த வயர் கெட்டுப்போவதற்கு உண்மையான காரணம், பற்றவைத்த பிறகு மிச்சப் பேஸ்டைத் துடைக்காமல் விடுவது. அதில் அமிலம் இருந்தால் உப்புக்கு முன்னால் அதுவே வயரைத் தின்றுவிடும்.

க்ரிம்பிங் நல்லது என்று நானும் சொல்கிறேன், கருவி இருந்தால். இங்கே முக்கால்வாசிப் பேர் பிளையரால் நசுக்கிவிட்டு அதைக் க்ரிம்பிங் என்கிறார்கள். இழுத்தால் கையோடு வந்துவிடும். அதற்கு என் ஈயம் எவ்வளவோ மேல்.

பாம்பன் படகு:

பிளையரால் நசுக்குவதைப் பற்றி அண்ணே சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். க்ரிம்ப் செய்த ஒவ்வொன்றையும் பிடித்து நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஷ்ரிங்க் போட வேண்டும். எந்த முறையானாலும் மேலே பசை உள்ள ஷ்ரிங்க் கட்டாயம், அதில் நமக்குள் வேறுபாடு இருக்காது என்று நினைக்கிறேன்.

ராம்நாட் எலக்ட்ரீசியன்:

வேறுபாடு இல்லை. அது கட்டாயம்தான்.

தொண்டி டீச்சர்:

நல்ல விவாதம், நிறையத் தெரிந்துகொண்டேன். பிளேயரின் அட்டைப்பெட்டியில் "50 வாட் x 4" என்று போட்டிருக்குமே, அதற்கேற்ற பெரிய ஸ்பீக்கர் வாங்க வேண்டும் என்று ஒரு கடையில் என்னை வற்புறுத்தினார்கள். நான் பள்ளியில் இயற்பியல் எடுப்பவள், கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்ஜின் ஓடும்போது வண்டியில் 14.4 வோல்ட் வரை இருக்கும். ஸ்பீக்கர் 4 ஓம். உச்ச மின்னழுத்தம் 14.4 என்றால் அதன் வர்க்கத்தை 4-இன் இரு மடங்கால் வகுக்க வேண்டும், 26 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. இழப்பில்லாத கணக்கே இவ்வளவுதான். நடைமுறையில் ஒரு சேனலுக்குச் சுத்தமாகக் கிடைப்பது இருபதை ஒட்டி இருக்கும். 50 என்பது ஒரு நொடிக்கும் குறைவான உச்சத்தை வைத்து அச்சடிப்பது. கையேட்டில் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்) என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து ஸ்பீக்கர் வாங்குவதே சரி.

மண்டபம் தம்பிக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். பிளேயரை மாற்றும்போதே கதவு ஸ்பீக்கர்களையும் கழற்றிப் பாருங்கள். பழையது காகிதக் கூம்பாக இருந்தால் இந்த ஈரத்தில் தொய்ந்திருக்கும், எவ்வளவு நல்ல பிளேயர் மாட்டினாலும் குரல் கரகரவென்றுதான் வரும். பாலிபுரொப்பிலின் கூம்பு உள்ளதை வாங்குங்கள். கதவு அட்டையைக் கழற்றும்போது உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். மழைநீர் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், அந்தத் தாள்தான் அதை ஸ்பீக்கர் பக்கம் வராமல் தடுக்கிறது. பலர் அதைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். எனக்கு மனம் பதறுகிறது.

ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் தெரியவில்லையா? வயர் பிளேயரோடு சேராத நிலையில், 1.5 வோல்ட் பேனா பேட்டரியை அதன் இரு முனைக்கும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கூம்பு வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட வயர்தான் ஸ்பீக்கரின் பிளஸ். ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் தலைகீழாக மாட்டிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். தாளத்தின் அழுத்தம் காணாமல் போகும், பாடுகிறவர் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

கீழக்கரைக்காரன்:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். என் கவலை வேறு மாதிரி. நான் வெளிநாட்டில் இருக்கிறேன். வாப்பா எப்போதாவதுதான் வண்டி எடுப்பார், மீதி நாள் ஷெட்டில் நிற்கும். போன வருஷம் பிளேயர் மாற்றினோம். அதிலிருந்து பேட்டரி அடிக்கடி படுத்துவிடுகிறது, ஆள் வைத்துத் தள்ள வேண்டியிருக்கிறது. பேட்டரியை மாற்றியும் பார்த்தாச்சு. பிளேயர் காரணமாக இருக்குமா?

ராம்நாட் எலக்ட்ரீசியன்:

பாய், இருக்கும். மாட்டினவர் மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாகச் சேர்த்து நேரே பேட்டரிக்குக் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். சாவி லைனைத் தேட சோம்பல்பட்டு இப்படிச் செய்கிறார்கள். அப்புறம் பிளேயர் தூங்கவே தூங்காது. வாப்பாவை ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள்: சாவியைக் கையில் எடுத்த பிறகும் பிளேயரின் பட்டனை அமுக்கினால் பாட்டு வருகிறதா? வந்தால் இதுதான் கோளாறு.

கணக்கும் சொல்கிறேன். எல்லாம் சரியாக இருக்கும் வண்டி நிற்கும்போது 50 மில்லி ஆம்பியருக்குள்தான் இழுக்க வேண்டும். அது நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி. சின்ன கார் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. அந்த அளவிலேயே பத்து நாள் எடுக்காமல் நின்றால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். தூங்காத பிளேயர் அரை ஆம்பியர் இழுத்தால் ஒரே நாளில் 12 ஆம்பியர்-மணி, மூன்றாம் நாள் வண்டி படுத்துவிடும்.

அளக்க வேண்டுமானால் மீட்டரை 10 ஆம்பியர் அளவுக்கு மாற்றி, பேட்டரி மைனஸ் டெர்மினலுக்கும் கழற்றிய வயருக்கும் நடுவில் வையுங்கள். கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பாருங்கள், உள்ளே எல்லாம் அடங்கச் சமயம் எடுக்கும். மீட்டர் அப்படி இருக்கும்போது யாரும் செல்ஃப் அடிக்கக் கூடாது, மீட்டர் ஃபியூஸ் போய்விடும்.

சிவப்பைச் சாவி லைனுக்கு மாற்றிய பிறகும், வாரக்கணக்கில் நிற்கிற வண்டி என்றால் பேட்டரி மைனஸில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுவிடுங்கள். கையால் திருகுகிற மாதிரி கிடைக்கிறது, வாப்பா ஸ்பானர் தேட வேண்டாம்.

கீழக்கரைக்காரன்:

இப்போதே வாப்பாவிடம் போனில் கேட்டேன். சாவி இல்லாமலே பாடுகிறது! இரண்டு பேட்டரிக்குக் கொடுத்த காசு இதிலேயே போயிருக்கிறது. ஜஸாக்கல்லாஹ் அண்ணே. ஊரில் இருக்கும் தம்பியை நாளைக்கே அனுப்பிச் சரிசெய்யச் சொல்கிறேன்.

ராமேஸ்வரம் டிராவல்ஸ்:

நான் வயரிங் பேச வரவில்லை, அது உங்களுக்குத் தெரிந்தது. பென்டிரைவைப் பற்றிச் சொல்கிறேன். யாத்திரைக்கு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு மதுரைக்கும் அரிச்சல்முனைக்கும் ஓடுகிற வண்டி. ஒரு குடும்பம் இந்தி பஜனை கேட்கும், அடுத்தது தெலுங்கு கேட்கும், நம் ஆட்கள் பழைய பாட்டு கேட்பார்கள். ஓட்டுகிறபோது தேடிக்கொண்டிருக்க முடியாது.

64 ஜிபி பென்டிரைவ் வாங்கினால் பல பிளேயர்கள் "எதுவும் இல்லை" என்று காட்டும். பென்டிரைவ் கெட்டதல்ல, அது எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் வந்திருக்கும், பிளேயருக்குத் தெரிந்தது ஃபேட்32. விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் ஜன்னல் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 காட்டாது. அதனால் 32 ஜிபியே வாங்கிவிடுங்கள். 128 கேபிபிஎஸ் தரத்தில் உள்ள பாட்டு நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி. ஆறாயிரம் பாட்டு தாராளமாக அடங்கும், அதற்கு மேல் என்ன வேண்டும்? காது கூர்மையானவர்கள் 320-இல் போடுங்கள், இடம் இரண்டரை மடங்கு பிடிக்கும்.

பாட்டு வரிசை கலைகிறது என்பது அடுத்த புகார். கம்ப்யூட்டரில் அகரவரிசையாகத் தெரிவதைப் பல பிளேயர்கள் பார்ப்பதில்லை. எந்த வரிசையில் பென்டிரைவுக்குள் எழுதினீர்களோ அந்த வரிசையில் பாடும். முதலில் பென்டிரைவைச் சுத்தமாக அழித்துவிட்டு, ஃபோல்டர்களுக்கு 01, 02 என்று எண் கொடுத்து, ஒவ்வொன்றாக நகலெடுங்கள். ஃபோல்டர் பெயர் தமிழில் வைத்தால் பாதி பிளேயர்களில் கட்டம் கட்டமாகத் தெரியும். தமிழைக் காட்டத் தெரியாத பெட்டியில் எண்தான் கை கொடுக்கும். வயதானவர் ஓட்டுகிற வண்டி என்றால் எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி சன்வைசரில் ஒட்டிவிடுங்கள்.

தனுஷ்கோடிப் பக்கம் போகிறவர்களுக்கு: 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு திறந்த பிறகு எல்லா வண்டியும் மணல் காற்றுக்குள் போகிறது. யூஎஸ்பி ஓட்டையின் ரப்பர் மூடியைப் பிய்த்துப் போட்டுவிடாதீர்கள். நீட்டிக்கொண்டிருக்கும் பென்டிரைவ் முழங்கால் பட்டு உடையும், ஓட்டையும் சேர்ந்து ஆடிப்போகும். நகக்கண் அளவுக்கு வெளியே தெரிகிற சின்ன பென்டிரைவ் போடுங்கள்.

மண்டபம் வண்டி:

எல்லோருக்கும் நன்றி. மாட்டி முடித்தாயிற்று. கன்வெர்ட்டர் கப்ளர் ராமநாதபுரத்தில் கிடைத்தது. பாம்பன் அண்ணன் சொன்னபடி பழைய பின்களைப் பார்த்தேன், மீட்டரில் எப்போதும் 12 வோல்ட் காட்டிய பின்தான் பச்சையில் முதலாவது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, செம்பு நிறம் தெரிந்த பிறகே கப்ளரைக் குத்தினேன். இணைப்பெல்லாம் க்ரிம்ப், மேலே பசை ஷ்ரிங்க், பசை வளையம் எல்லாவற்றிலும் வந்திருக்கிறது. முன் ஸ்பீக்கர் இரண்டும் டீச்சர் சொன்ன மாதிரி தொய்ந்துதான் போயிருந்தன, மாற்றிவிட்டேன். சாவி எடுத்தால் அணைகிறது, போட்டால் பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

இரண்டு விஷயம் மட்டும் மிச்சம். ஆக்ஸ் வயரில் போனைச் செருகிப் பாட்டு கேட்டால் பின்னணியில் "கூய்" என்று ஒரு சத்தம், ஆக்சிலரேட்டர் மிதித்தால் அந்தச் சத்தமும் ஏறுகிறது. அடுத்தது எஃப்எம். அப்பாவுக்குக் கடலோசை வானொலி (90.4) வேண்டும். டியூனரில் 90.3 வருகிறது, அடுத்த அமுக்கில் 90.5 வருகிறது, 90.4-இல் நிற்கவே மாட்டேன் என்கிறது. மதுரைப் பக்கம் போனபோது கொடைக்கானல் 100.5 கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது. ஆன்டெனாவில் கோளாறு என்றால் அதுவும் வரக் கூடாதே?

பாம்பன் படகு:

கடலோசை வராத பிளேயரை பாம்பனில் மாட்டவே கூடாது! 2016-லிருந்து மீனவர்களுக்காகவே நடக்கிற சமூக வானொலி அது. எங்கள் வீட்டில் ரேடியோ என்றால் 90.4தான்.

ஆன்டெனா நன்றாக இருக்கிறது தம்பி. நீங்கள் சொன்ன இரண்டு எண்ணிலேயே பதில் இருக்கிறது. பிளேயர் அமெரிக்க வட்டாரத்துக்கு அமைக்கப்பட்டிருக்கிறது. அங்கே எஃப்எம் நிலையங்கள் 0.2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில், புள்ளிக்குப் பிறகு ஒற்றைப்படை எண்ணில் மட்டும் இருக்கும். அதனால் 100.5 வரும், 90.4 வராது. நம் நாட்டில் இடைவெளி 0.1. பிளேயரை அணைத்து வைத்துக்கொண்டு தொடக்க அமைப்புப் பட்டியலுக்குள் போங்கள், எஃப்எம் இடைவெளி என்றோ வட்டாரம் என்றோ ஒன்று இருக்கும். ஐரோப்பா அல்லது ஆசியா வைத்தால் 90.4 வந்துவிடும். சேமித்து வைத்த நிலையங்கள் அழியலாம், மறுபடி வைத்துக்கொள்ளுங்கள்.

தானாகத் தேடும் வசதியைப் பாம்பன் தாண்டிப் போட்டால் இலங்கை நிலையங்களாக வந்து நிறையும், தலைமன்னார் கிட்டத்தில்தானே இருக்கிறது. கடலோசையைக் கையால் வைத்து முதல் எண்ணில் சேமித்துவிடுங்கள்.

ராம்நாட் எலக்ட்ரீசியன்:

சத்தத்துக்கு நான் சொல்கிறேன். இன்ஜின் வேகத்தோடு ஏறுகிற சத்தம் என்றால் அது டைனமோவிலிருந்து வருவது. எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதுதான் கேள்வி. பென்டிரைவில் பாட்டு போட்டால் அந்தச் சத்தம் இருக்கிறதா? ஆக்ஸ் போட்டு, போனின் சார்ஜரை மட்டும் கழற்றினால் இருக்கிறதா?

மண்டபம் வண்டி:

வட்டாரத்தை மாற்றியதும் 90.4 வந்துவிட்டது. அப்பா நேற்றிலிருந்து வேறெதுவும் போட விடவில்லை.

அண்ணே, பென்டிரைவில் சத்தம் சுத்தமாக இல்லை. ஆக்ஸில் போன் சார்ஜில் இருந்தால் மட்டும் வருகிறது, சார்ஜரைக் கழற்றினால் நின்றுவிடுகிறது.

ராம்நாட் எலக்ட்ரீசியன்:

அப்படியானால் உங்கள் வேலையில் குறை இல்லை. போனுக்கு எர்த் இரண்டு வழியாகப் போகிறது, சார்ஜர் வழியாக ஒன்று, ஆக்ஸ் வயர் வழியாக இன்னொன்று. இரண்டு எர்த்துக்கும் நடுவில் இருக்கும் சின்ன மின்னழுத்த வேறுபாடு பாட்டோடு கலக்கிறது. வாங்கிப் போட வேண்டுமானால் ஆக்ஸ் வயருக்கு நடுவில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று ஒரு சின்னக் குப்பி வரும், அது போதும். செலவே வேண்டாம் என்றால் புளூடூத்தில் கேளுங்கள், அதில் வயரே இல்லை, சத்தமும் வராது.

பிளேயரின் எர்த்தை எங்கே கொடுத்தீர்கள்? அதையும் சொல்லுங்கள்.

மண்டபம் வண்டி:

கப்ளரிலேயே எர்த் பின் இருந்தது. ஆனாலும் பிளேயருக்குப் பின்னால் குறுக்கே போகும் இரும்புக் குழாயில் பெயின்ட்டைச் சுரண்டி ஒரு லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்துக் கூடுதலாகக் கொடுத்தேன்.

ராம்நாட் எலக்ட்ரீசியன்:

நல்லது. பிளேயர் ஓங்கிப் பாடும்போது மீட்டரின் ஒரு முனையை பிளேயரின் உலோக உடம்பிலும் மறுமுனையை பேட்டரி மைனஸிலும் வைத்துப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சரி. சுரண்டிய இடத்தை மட்டும் அப்படியே விட்டுவிடாதீர்கள், அடுத்த மழைக்குத் துரு பிடித்துவிடும். போல்ட்டை இறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூசிவிடுங்கள். இறுக்கும் முன் வேண்டாம், பின்னால்தான்.

ஃபியூஸைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். பிளேயருக்குப் பின்னால் 10 ஆம்பியர் இருந்தால் சிவப்பு, 15 இருந்தால் நீலம். போனால் அதே அளவுதான் போட வேண்டும். சிகரெட் தாள், செம்புக் கம்பி என்று வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வண்டியே எரிந்து நின்றதையும் பார்த்திருக்கிறேன். ஃபியூஸ் ஒரு தடவை போனால் மாற்றலாம். மறுபடியும் போனால் வயரைத் தேட வேண்டும்.

தொண்டி டீச்சர்:

கடைசியாக ஒரு கேள்வி. என் வண்டி 2022 மாடல். அதில் வந்த திரையில் பாட்டு சுமாராகத்தான் இருக்கிறது. இதே மாதிரி எடுத்துவிட்டு வேறு மாட்டலாமா?

ராம்நாட் எலக்ட்ரீசியன்:

வேண்டாம் மேடம். இப்போது வருகிற வண்டிகளில் ஸ்டியரிங் பட்டன், ரிவர்ஸ் கேமரா, சில வண்டிகளில் மீட்டர் பலகை கூட அந்தத் திரையோடு பேசிக்கொண்டிருக்கும். வயரை வெட்டினால் வாரண்டிக்கும் வம்பு. திரையை அப்படியே விட்டுவிட்டுக் கதவு ஸ்பீக்கரை மட்டும் மாற்றிப் பாருங்கள், அந்த வண்டிக்கென்று வரும் கப்ளரோடு கிடைக்கிறது. அதிலும் போதவில்லை என்றால் சின்ன ஆம்ப்ளிஃபயர் போடலாம். அதற்கு பேட்டரியிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும், பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். வண்டி மாடலைச் சொல்லுங்கள், எந்த அளவு ஸ்பீக்கர் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.